கம்பம் சாயாத காலை

"பேரையாவது எழுதக் கூடாதாம்மா?"

பரீட்சை அறையில் மேற்பார்வைக்கு வந்த ஆசிரியை என் பக்கத்தில் குனிந்து இப்படிக் கேட்டார். தேர்வு தொடங்கி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. என் விடைத்தாள் வெள்ளையாகவே இருந்தது. அவர் கோபமாகக் கேட்கவில்லை. காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையிடம் ஒரு வாய் சாப்பிடச் சொல்வதைப் போலத்தான் கேட்டார். எனக்கு என் பெயர் தெரியும். ஆனால் அதன் முதல் எழுத்தை எங்கே தொடங்கி எந்தப் பக்கம் வளைக்க வேண்டும் என்பது மறந்துவிட்டது. பேனாவைப் பிடித்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதற்கு முந்தைய மூன்று இரவுகளும் நான் தூங்கவில்லை. படித்தேன். அப்பாவும் கூடவே உட்கார்ந்திருந்தார். அவர் முன்பு நெடுந்தூர லாரி ஓட்டியவர். இப்போது பஸ் டிப்போவில் டயர் மாற்றுகிறார். தூக்கத்தை விரட்டுவதில் தன்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று அவருக்கு ஒரு பெருமை. "நாலு நாள் கண்ணை மூடாம ஓட்டினவன் நான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார். அவருடைய வழி இதுதான்: ஒரு வாளியில் குளிர்ந்த தண்ணீர், அதில் இரண்டு கால்கள், கையில் சூடான டீ. தலை தொங்கினால் வாளித் தண்ணீரை அள்ளிப் பிடரியில் தெளிப்பார். அன்பில்தான் செய்தார். மூன்று இரவும் அவரும் தூங்கவில்லை.

அந்தப் பரீட்சைக்குப் பிறகு நான் பள்ளிக்குப் போகவில்லை. போ என்று அம்மா இரண்டு முறை சொன்னாள். மார்க் குறைந்திருந்தால் போயிருப்பேன். வெறும் தாளைக் கொடுத்தவள் என்று நாற்பது பேருக்குத் தெரிந்த அறைக்குள் எப்படிப் போவது? ஏற்கெனவே நான் வாய் திறக்காதவள். கடையில் எல்லோரும் வாங்கிப் போன பிறகுதான் "சோப்பு" என்று சொல்வேன். அதையும் கடைக்காரர் "என்னது?" என்று கேட்டால் வேண்டாம் என்று வந்துவிடுவேன்.

அம்மா எனக்கு நேர்மாறு. பஸ் கண்டக்டர். "பொண்ணுக்குச் சேர வேண்டிய தொண்டையையும் இவளே வாங்கிட்டு வந்துட்டா" என்பார் அப்பா. நின்றபடி பயணம் செய்யும் எழுபது பேரை ஒரே சத்தத்தில் உள்ளே தள்ளிவிடுவாள். ஆனால் அவளுக்கு டிக்கெட் கொடுத்துக்கொண்டே இருக்க விருப்பமில்லை. பஸ்ஸை ஓட்ட வேண்டும். பதினாறு வருடம் பின்னால் நின்று, முன்னால் ஒருவர் திருப்பும் ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே வந்திருக்கிறாள்.

கண்டக்டர்கள் டிரைவர் ஆவதற்கு ஒரு தேர்வு இருக்கிறது. மூன்று தடவைதான் எழுதவோ ஓட்டவோ விடுவார்கள். நாற்பது வயது முடிந்தால் அதுவும் கிடையாது. அம்மா இரண்டு தடவை தோற்றிருந்தாள். எழுத்துத் தேர்வில் இல்லை. அதில் தொண்ணூறுக்கு மேல். தோற்றது பஸ்ஸைப் பின்னோக்கி நுழைப்பதில். அவளுக்கு அப்போது முப்பத்தொன்பது வயதும் ஒன்பது மாதமும். இந்த மூன்றாவதுதான் கடைசி.

டிப்போவின் பின்பக்கம் ஒரு காலி மைதானம். அங்கே பக்கத்துக்கு நான்காக எட்டுக் கம்பங்களை நிறுத்துவார்கள். பழைய பெயின்ட் டப்பாவில் சிமென்ட் ஊற்றி நட்ட இரும்புக் குழாய்கள். அந்த இரண்டு வரிசைக்கும் நடுவே, நீளமான பஸ்ஸைக் கண்ணாடியில் மட்டும் பார்த்துப் பின்னால் கொண்டுவந்து, தரையில் போட்ட சுண்ணாம்புக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் நிறுத்த வேண்டும். ஒரு கம்பத்தை உரசினாலும் தோல்வி.

ஷிஃப்ட் முடிந்தபின் சாயங்காலம் அரை மணி நேரம், மறுநாள் காலை ஷிஃப்டுக்கு முன்னால் அரை மணி நேரம் பழகிக்கொள்ள மேனேஜர் அனுமதி கொடுத்திருந்தார். நானும் கூடப் போனேன். சாய்ந்த கம்பங்களை நிமிர்த்தி வைப்பது என் வேலை. யாரிடமும் பேச வேண்டியதில்லை என்பதால் எனக்கு அது பிடித்திருந்தது.

வேலை முடித்துப் போகும் டிரைவர்கள் சுவரோரம் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"கண்டக்டரம்மா, ஸ்டியரிங்கைப் பிடிச்சிட்டே விசிலும் அடிப்பீங்களா?"

"பதினாறு வருஷமா நீங்க ஓட்டறப்போ நான் பயந்துட்டு வந்தேன்ல? இனிமே நீங்க பயப்படுங்க."

"பொண்ணைப் பார்த்தும்மா. கம்பம்னு நெனச்சு அதையும் சாச்சுடாதீங்க."

"அவ நகருவா. நீங்கதான் அசையாம நிக்கறீங்க, ஜாக்கிரதை."

அவர்கள் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். அடுத்த நிமிடம் மூன்றாவது கம்பம் டங்கென்று விழும்.

ஒரு வேளைக்கு ஐந்து தடவை நுழைப்பாள். ஐந்திலும் சேர்த்து எத்தனை கம்பம் விழுந்தது என்று நான் எண்ணிக்கொள்வேன். டிப்போவில் தூக்கிப் போடும், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்த தாள்களை அம்மா கொண்டு வருவாள். அவற்றை மடித்துத் தைத்து நான் நோட்டாக்கி வைத்திருந்தேன். எனக்கு அப்படிப் பல நோட்டுகள் உண்டு. எல்லாம் அரிசி டின்னுக்குப் பின்னால். அவற்றில் ஒன்றில் இந்தக் கணக்கை எழுதினேன். காரணம் எதுவும் இல்லை. எண்ணியதை எழுதாமல் விட்டால் எனக்கு உறுத்தும், அவ்வளவுதான்.

முதல் வாரத்தின் கணக்கு இப்படி இருந்தது. சாயங்காலம் பதினொன்று, காலை நான்கு. சாயங்காலம் ஒன்பது, காலை நான்கு. சாயங்காலம் எட்டு, காலை மூன்று.

நாள் முழுக்க நின்ற களைப்பில் சாயங்காலம் கம்பங்கள் அதிகம் விழுகின்றன என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அம்மாவுக்கு ஒரு விடுமுறை நாள் வந்தது. அன்று கம்பங்களை இன்னும் நெருக்கி வைக்கச் சொல்லிக் காலையில் பழகினாள்; ஏழு விழுந்தன. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு இரண்டு மணி நேரம் அடித்துப் போட்டாற்போலத் தூங்கினாள். சாயங்காலம் போனோம். இரண்டுதான் விழுந்தன. அடுத்த விடுமுறை நாளில் இன்னும் ஒரு சாண் நெருக்கினேன்; காலையில் மறுபடி ஏழு. அன்று மத்தியானம் வீட்டைக் கழுவினாள், துணி துவைத்தாள், படுக்கவே இல்லை. சாயங்காலமும் ஏழு.

இரண்டாம் விடுமுறையின் இரண்டு ஏழுகளையும், முதல் விடுமுறையின் சாயங்காலத்து 'இரண்டை'யும் நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த முதல் விடுமுறையில், நடுவே அவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை. தூங்கினாள், அவ்வளவுதான். எழுந்தபோது அவள் கைக்கு முன்பு தெரியாத ஏதோ தெரிந்திருந்தது.

அதன் பிறகு அவள் தூங்குவதைக் கவனிக்க ஆரம்பித்தேன். அம்மாவின் தூக்கம் பார்க்க அழகானது. படுத்ததும் நெற்றியில் இருக்கும் இரண்டு கோடுகள் முதலில் போகும். பிறகு தாடை தளரும். எழுபது பேரை அதட்டும் வாய் சற்றே திறந்து, சின்னப் பெண்ணின் வாயாகிவிடும். கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். அப்புறம் கால் அசையும். இடது கால் மெல்ல அழுத்தும், விடும். வலது கை போர்வைக்குள் எதையோ பிடித்து அரை வட்டம் திரும்பும். கண் மூடியிருக்கும், இமைக்குள் விழி இடமும் வலமும் போகும், கண்ணாடி பார்ப்பது போல.

"ராத்திரி பூரா என்னை மிதிக்கறா" என்று அப்பா புகார் சொல்வார். "நான் என்ன கிளட்சா?"

"உங்களை மிதிச்சா வண்டி எங்க நகருது" என்பாள் அம்மா.

எனக்கு அது வேடிக்கையாகத் தெரியவில்லை. பகலில் மைதானத்தில் நான் கம்பங்களை நிமிர்த்தினேன். ராத்திரியில் அவளுக்குள்ளே யாரோ பொறுமையாக உட்கார்ந்து, அவள் செய்த ஒவ்வொரு தப்பையும் எடுத்துப் பார்த்து நிமிர்த்தி வைத்தார்கள். திட்டவில்லை, கைகொட்டிச் சிரிக்கவில்லை. விளக்கு கூடக் கேட்கவில்லை. இப்படி ஓர் ஆசிரியர் எல்லோருக்குள்ளும் இருக்கிறார் என்றால், நான் மூன்று இரவு அவரை வாளித் தண்ணீர் தெளித்து விரட்டியிருக்கிறேன்.

தேர்வுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும்போது அப்பா களத்தில் இறங்கினார்.

"பகல்ல ஒரு மணி நேரம் பழகி என்ன ஆகும்? ராத்திரி எட்டு மணி நேரம் வீணாப் போகுதே" என்றார். சாப்பாட்டு மேசையில் எட்டுத் தீப்பெட்டிகளை நிறுத்தினார். என் பழைய பென்சில் பெட்டிதான் பஸ். அம்மா அதைப் பின்னால் தள்ள வேண்டும். அப்பா "லெஃப்ட், லெஃப்ட், போதும்" என்பார். மேசைக்குக் கீழே வாளி. ராத்திரி ஒரு மணி வரை இது நடக்கும். மறுபடி நான்கு மணிக்கு அலாரம். அவர் லாரியில் வைத்திருந்த பழைய கடிகாரம் அது. அது அடித்தால், எங்கள் மாடி வீட்டுக்குக் கீழே கடையிலேயே படுக்கும் டயர் கடைக்காரர் கூட எழுந்துவிடுவார்.

"ஏங்க, கண்ணைச் சொக்குதுங்க" என்பாள் அம்மா.

"பாஸ் பண்ணிட்டு ஒரு வாரம் தூங்கு, நான் கேக்கமாட்டேன். கால வாளிக்குள்ள வை."

என் நோட்டில் எண்கள் திரும்பிக்கொண்டன. சாயங்காலம் மூன்று, காலை ஐந்து. சாயங்காலம் நான்கு, காலை ஏழு. சாயங்காலம் ஆறு, காலை ஒன்பது. தேர்வுக்கு முந்தைய நாள் காலையில் பன்னிரண்டு. அன்று கம்பம் விழுந்த சத்தத்துக்கு அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சுவரோரம் நின்றவர்களும் கேலி செய்யவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

சொல்லியிருக்கலாம். அத்தனை நாளும் சொல்ல நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் நோட்டை எடுத்து, மறுபடி அரிசி டின்னுக்குப் பின்னாலேயே வைத்தேன். வெறும் தாளைக் கொடுத்துவிட்டு வீட்டோடு இருப்பவள், நாலு நாள் கண் மூடாமல் ஓட்டியவரிடம் தூக்கத்தைப் பற்றி என்ன சொல்வது?

முந்தைய ராத்திரி அப்பாவின் திட்டம் இது: பன்னிரண்டு மணி வரை தீப்பெட்டி. மூன்று மணிக்கு எழுந்து டிப்போவுக்கு நடை. வாட்ச்மேனிடம் சொல்லி வைத்தாயிற்று. விடிய விடியப் பழகலாம். பத்து மணிக்குத் தேர்வு.

பதினோரு மணிக்கே அம்மா பென்சில் பெட்டியைத் தள்ளும்போது ஐந்து தீப்பெட்டிகள் விழுந்தன. "அஞ்சு நிமிஷம், வெறும் அஞ்சு நிமிஷம்" என்று பாயில் சாய்ந்தாள். அப்பா கடிகாரத்தை எடுத்து மூன்று மணிக்கு அலார முள்ளைத் திருப்பிவைத்தார். "அஞ்சு நிமிஷம் ஆனதும் நானே எழுப்பறேன்" என்று நாற்காலியில் நேராக உட்கார்ந்தார். நாலு நாள் கண் மூடாதவர் நாலே நிமிடத்தில் குறட்டை விட்டார்.

நான் மேசையருகே நின்றேன். கடிகாரம் டிக் டிக் என்றது. அம்மாவின் நெற்றிக் கோடுகள் இன்னும் போகவில்லை. என் நோட்டில் இருந்த எல்லா எண்களும் தவறாக இருந்தால்? மூன்று மணிக்கு எழுந்து பழகியிருந்தால் வென்றிருப்பாள் என்று நாளைக்கு எல்லோரும் சொன்னால்? அவளுக்கு நாலாவது வாய்ப்புக் கிடையாது. அந்தப் பழி எனக்கு ஆயுசுக்கும் போதும்.

கடிகாரத்தைத் திருப்பி, பின்பக்க மூடியைக் கழற்றி, பேட்டரியை எடுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு நான் தூங்கவில்லை. பேட்டரி என் உள்ளங்கையில் வியர்த்தது. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு மணி வாக்கில் நெற்றிக் கோடுகள் போயின. அதற்குப் பிறகு வெகுநேரம் அவள் கல்லாகக் கிடந்தாள். கால் அசையவில்லை, கை அசையவில்லை. தவறு செய்துவிட்டேன் என்று நினைத்தேன். ஜன்னல் வெளுக்கத் தொடங்கும்போது இடது கால் மெல்ல அழுத்தியது. விட்டது. கை அரை வட்டம் திரும்பியது. பிறகு மறுபடி. மறுபடி. எனக்கு அழுகை வந்தது. ஐந்து தடவை வரை எண்ணினேன்.

காலை ஏழே முக்காலுக்கு அப்பா நாற்காலியில் இருந்து துள்ளி எழுந்தார்.

"ஐயையோ! மணி என்ன? வெயில் வந்துடுச்சே! இந்தாம்மா, எழுந்திரு!"

கடிகாரம் பதினொன்று இருபதில் நின்றிருந்தது. குலுக்கினார். திருப்பினார். காலியான பள்ளத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் கையை விரித்துக் காட்டினேன்.

"நீயா?"

தலையாட்டினேன்.

"உங்கம்மாவுக்கு இது கடைசி சான்ஸ்னு தெரியுமா தெரியாதா?"

தலையாட்டினேன்.

"தலையை ஆட்டாத! வாயத் தொறந்து சொல்லு, ஏன் பண்ணின?"

அரிசி டின்னுக்குப் பின்னால் கையை விட்டு அந்த நோட்டை எடுத்து மேசைமேல், விழுந்து கிடந்த தீப்பெட்டிகளுக்கு நடுவே வைத்தேன்.

அம்மா அதற்குள் பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். பன்னிரண்டு நாளாகச் சிவந்து கிடந்த கண்கள் மழையில் கழுவிய பஸ் கண்ணாடி போல இருந்தன. வீட்டில் நடக்கும் ரகளையை நிதானமாகப் பார்த்துவிட்டு, "டீ இருக்கா?" என்றாள்.

"டீயா? மணி எட்டாகப் போகுது, டீ கேக்கற!"

"பத்து மணிக்குத்தானே டெஸ்ட்? ஏன் இப்படிக் கத்தறீங்க, பாப்பா நடுங்கறா பாருங்க." எழுந்து வந்து நோட்டை எடுத்தாள். "இது என்னடா கண்ணு? பதினொண்ணு, நாலு… ஒம்பது, நாலு… லாட்டரி நம்பரா?"

"கம்பம்" என்றேன். "சாயங்காலம் விழுந்தது. காலைல விழுந்தது."

அம்மா நாள் முழுக்க எண்களோடு வாழ்கிறவள். விரலை வைத்து மேலிருந்து கீழே ஒரே வேகத்தில் இறக்கினாள். இரண்டாவது பக்கத்தில் விரல் நின்றது.

"இங்க தலைகீழா மாறுதே. இது எந்த நாள்?"

"அப்பா வாளி வச்ச நாள்."

அம்மா நோட்டை அப்பாவிடம் நீட்டினாள். அவர் வாங்கி, வெளிச்சத்துக்குத் திருப்பி, வெகுநேரம் பார்த்தார். இரண்டாம் விடுமுறையின் இரண்டு ஏழுகளின் பக்கத்தில் நான் 'தூங்கவில்லை' என்றும், முதல் விடுமுறையின் 'இரண்டு' என்ற எண்ணின் பக்கத்தில் 'தூங்கினாள்' என்றும் சிறிய எழுத்தில் எழுதியிருந்தேன். அவர் கட்டைவிரல் அந்த இடத்திலேயே இருந்தது.

"நாலு நாள் கண்ணை மூடாம ஓட்டினேன்னு சொல்லுவேன்ல" என்றார். "நாலாவது நாள் என்ன ஆச்சுன்னு நான் சரியாச் சொன்னதில்ல."

"பிரேக் போய், வண்டி பாலத்துச் சுவர்ல ஏறிடுச்சு" என்றாள் அம்மா. அந்தக் கதை எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதன் பிறகுதான் அவர் லாரியை விட்டு டயர் வேலைக்கு வந்தார்.

"பிரேக் நல்லாத்தான் இருந்துச்சு."

"தெரியும்."

அப்பா நிமிர்ந்தார். "தெரியுமா?"

"வண்டியை இழுத்துட்டு வந்த மெக்கானிக் அன்னைக்கே சொல்லிட்டாரு."

"அப்புறம் ஏன் இத்தன வருஷம் கேக்கல?"

"நீங்களாச் சொல்றப்போ சொல்லட்டும்னுதான்" என்றாள் அம்மா. "பாப்பா, டீ போடு."

அப்பா மேசைக்கு அடியில் இருந்த வாளியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். மாடிப்படியில் தண்ணீரைக் கவிழ்க்கும் சத்தம் கேட்டது. உடனே கீழே இருந்து டயர் கடைக்காரர், "யாருய்யா அது, ஆளு நிக்கறது தெரியல?" என்று கத்தினார். அம்மா சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

தேர்வு எடுக்க வந்த அதிகாரிக்கு டிப்போவில் 'ஸ்கேல்' என்று பெயர். கையில் ஒரு மரஅளவுகோல் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. அம்மாவுக்கு முன்னால் வந்த இரண்டு பேரில் ஒருவர் ஆறாவது கம்பத்தை உரசினார். ஸ்கேல் முகத்தைத் திருப்பாமல் "அடுத்தது" என்றார்.

அன்று கம்பங்களை நிறுத்தியது நான்தான். ஒவ்வொன்றையும் நிறுத்தி, டப்பா ஆடுகிறதா என்று காலால் தள்ளிப் பார்த்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றேன். அப்பா என் பக்கத்தில் நின்றார். அவர் வாய் "லெஃப்ட், லெஃப்ட்" என்று சத்தமில்லாமல் அசைந்தது. பிறகு தானே கையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

பஸ் பின்னால் வரத் தொடங்கியது.

அம்மா பழகிய நாட்களில் வண்டி தயங்கும்; நிற்கும்; அவள் தலை ஜன்னலுக்கு வெளியே வரும். இன்று அப்படி எதுவும் இல்லை. முதல் கம்பத்தைத் தாண்டும்போது ஒரே ஒரு முறை ஸ்டியரிங் திரும்பியது, அவசரமில்லாமல், போர்வைக்குள் நான் பார்த்த அதே அரை வட்டம். பஸ்ஸின் பின்பக்கம் தன் வீட்டு வாசலுக்குள் நுழைகிறவரைப் போல இரண்டு வரிசைக்கும் நடுவே வந்தது. இரண்டாவது கம்பம். மூன்றாவது. அவள் எப்போதும் தோற்கும் இடம் அதுதான். டங்கென்ற சத்தத்துக்காக நான் கண்ணை மூடிக்கொண்டேன். எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

கண்ணைத் திறந்தபோது எட்டுக் கம்பங்களும் நின்றுகொண்டிருந்தன. நிமிர்த்துவதற்கு எனக்கு எதுவும் இல்லை.

ஸ்கேல் குனிந்து சுண்ணாம்புக் கோட்டுக்கும் பஸ்ஸுக்கும் நடுவே அளந்தார். எழுந்து தாளில் எழுதினார். "எங்க பழகினீங்க?" என்று அம்மாவிடம் கேட்டார். அவர் யாரிடமும் அப்படிக் கேட்டதில்லை என்று பிறகு சொன்னார்கள்.

"பாதி இங்க, பாதி பாயில சார்" என்றாள் அம்மா.

அவருக்குப் புரியவில்லை. கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

சுவரோரம் நின்றவர்கள் கைதட்டினார்கள். "கண்டக்டரம்மா, இனி உங்க பஸ்ல நாங்க டிக்கெட் கிழிக்கறோம்" என்றார் ஒருவர். வீட்டுக்கு நடக்கும்போது அம்மா தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். "நான் திருப்பலைங்க. அதுவாத் திரும்புச்சு. அதுக்கு வழி தெரிஞ்சிருக்கு" என்றாள். அப்பா ஒரு கடை முன்னால் நின்று புது பேட்டரி ஒன்று வாங்கினார். பழையது இன்னும் என் கையில்தான் இருந்தது.

ஒரு வாரம் கழித்து, அம்மா என் முன்னால் ஒரு படிவத்தை வைத்தாள். பள்ளிக்குப் போகாமலே பரீட்சை எழுதுவதற்கான படிவம்.

"எனக்கு வராதும்மா" என்றேன்.

"பன்னெண்டு நாள்ல எட்டுக் கம்பத்தை வச்சு உங்கப்பாவுக்கே புரிய வச்சிருக்க. உனக்கா வராது? அன்னைக்கு நீ படிக்காமப் போகல. தூங்காமப் போன." படிவத்தின் மேலே விரலை வைத்தாள். "மொதல்ல பேரை எழுது."

எழுதினேன்.

இந்தத் தடவை வேறு மாதிரி படித்தேன். சாயங்காலம் கணக்குப் போடுவேன். வராத கணக்கோடு மல்லுக்கட்டாமல் நோட்டை மூடி, பத்து மணிக்குள் படுத்துவிடுவேன். முதலில் பயமாக இருந்தது. கடனைக் கட்டாமல் ஓடுவதைப் போல ஒரு குற்ற உணர்ச்சி. ஆனால் காலையில் எழுந்து பல் தேய்க்கும்போது, கேட்காமலே அந்தக் கணக்கின் இரண்டாவது வரி வாய்க்குள் வந்து நிற்கும். எல்லாக் கணக்கும் அப்படி வரவில்லை. சிலது நாலு நாள் எடுத்துக்கொண்டது. சிலது வரவே இல்லை. ஆனால் பேசுவதும் கூடக் கொஞ்சம் எளிதாயிற்று. ஒருநாள் கடையில், எனக்கு முன்னால் மூன்று பேர் நிற்கும்போதே "ஒரு சோப்பு குடுங்க" என்றேன். கடைக்காரர் "என்னது?" என்று கேட்டார். இன்னொரு தடவை சொன்னேன்.

பெரிய மாற்றம் அப்பாவிடம்தான். தூக்கத்தை விரட்டியவர் இப்போது அதற்குக் காவல்காரர் ஆகிவிட்டார். யார் தூங்கினாலும் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்வார். அம்மா மத்தியானம் படுத்திருந்தபோது கீழே டயர் கடையில் சுத்தியல் சத்தம் கேட்டது. இறங்கிப் போய், "அரை மணி நேரம் கழிச்சு அடிய்யா, எங்க வீட்டு டிரைவர் படிச்சிட்டு இருக்காங்க" என்றார்.

"இந்நேரம் அவங்க தூங்கறாங்கன்னுல்ல நினைச்சேன்?"

"ரெண்டும் ஒண்ணுதான். உனக்குச் சொன்னாப் புரியாது."

பரீட்சைக்கு முந்தைய நாள் ஒன்பதரை மணிக்கு விளக்கை அணைத்துவிட்டார்கள். "ஏழரைக்கு நானே எழுப்பறேன்" என்றார் அப்பா. "அதுவரைக்கும் இந்த வீட்டுல ஒரு ஸ்பூன் கூடக் கீழ விழாது." அம்மாவுக்கு மறுநாள் முதல் பஸ், ஐந்து பத்துக்கு டிப்போவில் இருந்து கிளம்பும். "போறப்போ என்னை எழுப்பிச் சொல்லிட்டுப் போம்மா" என்று கேட்டிருந்தேன். அவள் சரி என்றாள்.

விடிவதற்கு முன் ஏதோ ஒரு சலசலப்பில் எனக்கு விழிப்பு வந்தது. கஞ்சி போட்ட சீருடையின் சத்தம். கண்ணை லேசாகத் திறந்தேன். தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழியே அவள் தோளில் பட்டது. ஒரு கையில் ஷூக்களைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என் பாய் அருகே நின்றிருந்தாள். எழுபது பேரை அதட்டும் வாய் ஒரு முறை திறந்தது. என் பெயரின் முதல் எழுத்துக்காக அது குவிந்தது கூட எனக்குத் தெரிந்தது. நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். விலகிக் கிடந்த போர்வை என் காலில் வந்து விழுந்தது.

எங்கள் கதவு திறந்தால் கிறீச்சிடும். அதைக் கொஞ்சம் தூக்கித் திறந்தால் சத்தம் வராது. அம்மா தூக்கித் திறந்தாள். வாசல் நாற்காலியில் இருந்த அப்பாவின் கால்களைத் தாண்டி, வெறுங்காலோடு படியிறங்கி, ஒரு வார்த்தையும் சொல்லாமல் போனாள்.